பிரிட்டிஷ் ராணுவப் பழம்பொருள் சேர்க்கிறீர்களா? கைவசம் சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையிலோ, சாரிட்டி கடையின் கண்ணாடிப் பெட்டியிலோ ஒரு பழைய பித்தளைச் சின்னத்தைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது, இல்லையா? இங்கிலாந்தில் இருந்துகொண்டு இந்த ஆசையில் இறங்கியிருக்கும் நம் நண்பர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். அடிப்படை விஷயங்கள் உங்களுக்கே தெரியும். ஏமாறாமல் வாங்கவும், வாங்கியதைக் கெடுக்காமல் வைக்கவும், அது யாருடையது என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கவும் சில வழிகளைச் சொல்கிறேன்.

1. சந்தைக்குக் கிளம்பும்போது பைக்குள் நாலு சாமான் இருக்கட்டும்: சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோல். நாலும் சேர்ந்து ஒரு போலிப் பதக்கத்தின் விலைகூட ஆகாது. உலோக வெர்னியர் வேண்டாம், பதக்கத்தில் கீறல் விழும்.

2. தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்படியே செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் நிதானமாகப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

3. சின்னத்தின் உச்சியில் இருக்கும் கிரீடத்தை முதலில் பாருங்கள். வளைவுகள் உருண்டு மேலெழும்பி இருந்தால் 1901 முதல் 1952 வரையிலான அரசர்கள் காலம்; நடுவில் குழிந்து இறங்கினால் பெரும்பாலும் இரண்டாம் எலிசபெத் காலம். 2022-ல் மூன்றாம் சார்லஸ் மறுபடி உருண்ட கிரீடத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார். அதனால் கிரீடம் உருண்டையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பழசு என்று நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள்.

4. காலாட்படைப் பொத்தானில் வெறும் எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1881-க்கு முந்தியது. அந்த ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான் எண்கள் போய், மாவட்டப் பெயர்கள் வந்தன. இந்த ஒரு ஆண்டை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பொத்தான்களைப் பிரித்துவிடலாம்.

5. சின்னத்தில் இருக்கும் விலங்கு அந்தப் படை எங்கே போனது என்று சொல்லிவிடும். ஸ்பிங்ஸ் இருந்தால் பெரும்பாலும் 1801 எகிப்துப் போர். யானையும் ‘அசாயே’ என்ற பெயரும் இருந்தால் 1803-ல் மராட்டியரோடு நடந்த போர். அது ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி. புலியும் ‘ஹிந்துஸ்தான்’ என்ற எழுத்தும் இருந்தால் லெஸ்டர்ஷயர் படை.

6. வெடிக்கும் குண்டின் உருண்டையில் புலியும் யானையும் இருக்கும் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் சின்னம் கிடைத்தால் நம்மவர்கள் இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டும். அயர்லாந்துப் படைதான், 1922-ல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் முதல் பட்டாலியனின் வேர், கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் வைத்திருந்த ஐரோப்பியப் படை. அதேபோல டார்செட்ஷயர் படையின் சின்னத்தில் ‘பிரைமஸ் இன் இண்டிஸ்’ என்று இருக்கும். 1754-ல் இந்தியாவுக்கு முதன்முதலில் வந்த அரசர் படை என்ற பெருமை அது.

7. ஒரே சின்னம் சிறிதும் பெரிதுமாக இரண்டு கிடைத்தால் ஒன்றை விற்றுவிட அவசரப்படாதீர்கள். குளோஸ்டர்ஷயர் படையினர் தொப்பியின் முன்னால் ஒன்றும் பின்னால் சிறிதாக ஒன்றும் அணிந்தார்கள். 1801-ல் அலெக்சாண்டிரியாவில் முன்னும் பின்னும் திரும்பி நின்று சண்டையிட்டதற்கு அடையாளம் அது.

8. தொப்பிச் சின்னத்தை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த அசல் என்றால் முன்பக்க மேடெல்லாம் பின்பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். வார்த்து எடுத்த போலியின் முதுகு தட்டையாக, ஊசிக்குத்துப் போன்ற பொத்தல்களோடு இருக்கும்.

9. பின்னால் உள்ள கம்பியில் ‘காண்ட், பர்மிங்காம்’ என்று புகழ்பெற்ற தயாரிப்பாளர் பெயர் இருப்பதாலேயே அது அசலாகிவிடாது. போலி செய்பவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். கம்பியை ஒட்டிய ஈயப்பற்று புத்தம் புதிதாக மின்னுகிறதா, சின்னத்தின் மற்ற பகுதியோடு ஒத்துப்போகிற அளவுக்கு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

10. மண் நிறத்தில் அல்லது சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சின்னம் கிடைத்தால் பொம்மை என்று ஒதுக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் உலோகத்தை மிச்சம் பிடிக்க ராணுவமே செய்தவை அவை. ‘ஸ்டான்லி, வால்சல்’ என்று பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. வெந்நீரில் போடாதீர்கள், ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

11. கையில் காசு குறைவு, ஆனால் தொகுப்பு சீக்கிரம் நிறைய வேண்டும் என்றால் 1950-களுக்குப் பின் வந்த அலுமினியச் சின்னங்களைச் சேருங்கள். தங்கநிறத்தில் பளபளக்கும், எடை இருக்காது, பாலிஷே தேவையில்லை. பல படைகள் பின்னால் ஒன்றோடொன்று இணைந்துவிட்டதால் இவையும் ஒருநாள் தேடப்படும் என்பது என் எண்ணம்.

12. அதிகாரிகளின் வெள்ளிச் சின்னத்தில் ஹால்மார்க் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லிவிடும். எழுத்துப் பட்டியல் இணையத்தில் இலவசம்.

13. டப்பா நிறையப் பழைய பொத்தான் மலிவாகக் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம். காலி முட்டை அட்டையில் படைவாரியாகப் பிரித்துப் போடுங்கள். அரசுச் சின்னம் மட்டும் உள்ளவை 1871 முதல் சாதாரணச் சிப்பாய்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை வைத்துப் படையைக் கண்டுபிடிக்க முடியாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

14. முதல் உலகப் போர்ப் பதக்கத்தில் முகப்பைவிட விளிம்புதான் முக்கியம். எண், பதவி, பெயர், படை எல்லாம் அங்கே அடித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கத்தில் பின்பக்கம் பாருங்கள். பெயர் இல்லாத பதக்கம் வெறும் உலோகம். பெயர் இருந்தால் அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரே விலைக்கு இரண்டு கிடைத்தால், முகப்பு தேய்ந்திருந்தாலும் பெயர் தெளிவாக உள்ளதையே எடுங்கள்.

15. பழைய பெயரை அராவி எடுத்துவிட்டுப் புதிய பெயர் அடிக்கும் மோசடியைப் பிடிக்க வெர்னியர் போதும். பிரிட்டிஷ் வார் மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டர். அராவியதில் அது குறைந்திருக்கும், ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் வித்தியாசம் காட்டும்.

16. 1914 ஸ்டாரோ 1914-15 ஸ்டாரோ தனியாக ஒருவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. கூடவே பிரிட்டிஷ் வார் மெடலும் விக்டரி மெடலும் உண்டு. இரண்டு ஸ்டாரும் ஒரே பெயரில் இருப்பதாக யாராவது காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள், ஒருவருக்கு ஏதாவது ஒன்றுதான்.

17. விக்டரி மெடல் மட்டும் அனாதையாக நிறையக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜோடியான வார் மெடல் வெள்ளி. 1979-80-ல் வெள்ளி விலை ஏறியபோது ஏராளமானவை உருக்கப்பட்டுவிட்டன. ஜோடி எங்காவது தப்பியிருக்கும் என்ற நம்பிக்கையில், வாங்கிய பெயரையும் எண்ணையும் ஏல நிறுவனங்களின் இணையதளத்தில் அவ்வப்போது தேடிப் பாருங்கள்.

18. வார் மெடல் மட்டும், அதுவும் பிராந்தியப் படையினர் பெயரில் கிடைத்தால், அவர் போர்முனைக்குப் போகாமல் இந்தியாவில் காவல் பணியில் இருந்திருக்கலாம். முழுநேரப் படை பிரான்ஸுக்குப் போனதும் அந்த இடத்தை நிரப்பப் பிராந்திய பட்டாலியன்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கூடவே டெரிடோரியல் ஃபோர்ஸ் வார் மெடல் இருந்தால் விடாதீர்கள், அந்தக் காலப் போர்ப் பதக்கங்களில் அதுதான் அபூர்வம்.

19. வார் மெடலிலும் விக்டரி மெடலிலும் பதவியும் பெயரும் மட்டும் இருந்து படையின் பெயர் இல்லையா? குறை என்று நினைக்காதீர்கள், தரைப்படை அதிகாரிகளுக்கு அப்படித்தான் அடித்தார்கள். விக்டரி மெடல் ரிப்பனில் வெண்கல ஓக் இலை ஒட்டியிருந்தால், தளபதியின் அறிக்கையில் அவர் பெயர் குறிப்பிடப்பட்டது என்று பொருள்.

20. பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சீனா, இந்தியா, மால்டா போன்ற இடங்களிலிருந்து போன தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். வெள்ளியைவிட மிகக் குறைவாகவே இருக்கின்றன.

21. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பிரிட்டன் பெயர் அடிக்கவில்லை. அதனால் தபாலில் வந்த அட்டைப்பெட்டி, முகவரிச் சீட்டு, உள்ளே இருந்த துண்டுத்தாள் எல்லாம்தான் சாட்சி. பெட்டி நைந்திருக்கிறது என்று குப்பையில் போட்டுவிட்டால் பதக்கம் யாருடையது என்பதும் அதோடு போய்விடும்.

22. அந்தப் போருக்கு எட்டு நட்சத்திரங்கள் வெளியிட்டாலும் ஒருவருக்கு அன்று கொடுத்தது அதிகபட்சம் ஐந்துதான். ஆர்க்டிக் ஸ்டார் 2013-ல் வந்தது. ‘தாத்தாவுடைய எட்டு நட்சத்திரம்’ என்று சட்டம் போட்டு விற்றால் அது கடையில் கோத்தது. ஏர் க்ரூ யூரோப் ஸ்டாரில் போலி அதிகம். ரசீது கொடுக்கும் நம்பகமான வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள்.

23. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுத்த வட்ட வெண்கலத் தகடு 12 சென்டிமீட்டர் அகலம். 13 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெயர் மட்டுமே இருக்கும், பதவி கிடையாது. ஜான் ஸ்மித் போன்ற பெயரென்றால் எந்த ஜான் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அபூர்வமான பெயருள்ளதையோ, கடிதத்தோடு சேர்ந்ததையோ தேர்ந்தெடுத்தால் அலைச்சல் மிச்சம். பெண்களின் பெயரில் சில நூறு மட்டுமே உண்டு.

24. காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விலகியவர்களுக்கு 1916 முதல் கொடுத்த சில்வர் வார் பேட்ஜின் பின்னால் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டில் பெயரையே கண்டுபிடிக்கலாம். சின்ன வெள்ளி வட்டம்தான், விலையும் கட்டுப்படியாகும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

25. 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரி பெயரில் கொடுத்த பித்தளைப் பெட்டி, கடைசியில் 26 லட்சம் வரை போனது. அதனால் காலிப் பெட்டிக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள், பொறுத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும். உள்ளே புகையிலை, சிகரெட், வாழ்த்து அட்டை, இளவரசியின் படம் என்று வைத்துக் கொடுத்தார்கள். புகைக்காதவர்களுக்கு மிட்டாயும், தோட்டா உறைக்குள் செருகிய பென்சிலும். சீக்கியச் சிப்பாய்களுக்குக் கற்கண்டும் மசாலா டப்பியும் போனது! உள்ளே இருந்தவை அப்படியே இருந்தால்தான் விலை ஏறும். அட்டையும் படமும் இப்போது நகல் அச்சில் வருகின்றன, காகிதத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

26. போயர் போர்ச் சிப்பாய்களுக்கு 1900 புத்தாண்டுக்காக விக்டோரியா மகாராணி அனுப்பிய சாக்லெட் டின் கிடைத்தால் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகர டின், வண்ணம் உரிந்துவிடும். கேட்பரி, ஃப்ரை, ரௌண்ட்ரீ மூவரும் செய்தவை. உள்ளே சாக்லெட் மிச்சமிருந்தால் எடுத்து எறிய வேண்டாம்.

27. இரும்புத் தொப்பிக்குக் காந்தச் சோதனை அருமையானது. போர்முனைக்கான பிரிட்டிஷ் தொப்பிகளை மாங்கனீஸ் எஃகில் செய்தார்கள், அதன் குவிமாடத்தில் காந்தம் பிடிக்காது. ‘கடக்’ என்று ஒட்டிக்கொண்டால் ஊருக்குள் பாதுகாப்புப் பணிக்குச் செய்த சாதா இரும்பாக இருக்கலாம். ஓரத்து வளையத்தில் சோதிக்காதீர்கள், ஏமாற்றும்.

28. தொப்பியின் ஓரத்துக்கு அடியில் தயாரிப்பாளர் எழுத்தும் ஆண்டும் அடித்திருக்கும். பி.எம்.பி. என்றால் டாகன்ஹாமில் இருந்த பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ். ஓரத்தில் துளை போட்டிருந்தால் சோதனையில் தேறாமல் உள்ளூர்ப் பணிக்கு ஒதுக்கியது; பின்பக்கம் மட்டும் வரிசையாக மூன்று துளை என்றால் தென்னாப்பிரிக்காவில் செய்ததா என்று பாருங்கள். வெள்ளையில் ‘டபிள்யூ’ எழுதியிருந்தால் விமானத் தாக்குதல் வார்டனுடையது.

29. லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் பயனெட்டில் 1907 என்று பார்த்ததும் ‘அந்த வருஷத்தது’ என்று கூடுதல் விலை கேட்பார்கள். அது வடிவமைப்பின் ஆண்டு, எல்லாவற்றிலும் இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக 4, 16 என்று இருந்தால் 1916 ஏப்ரலில் செய்தது. பக்கத்தில் வில்கின்சன், சாண்டர்சன் என்று தயாரிப்பாளர் பெயரும் இருக்கும்.

30. அம்புக்குறி முத்திரை அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். ‘சி’ எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா, ‘யூ’ எழுத்துக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா, ‘ஐ’ எழுத்தோடு சேர்ந்திருந்தால் இந்தியா. புதிய இரும்பிலும் தோலிலும் இந்த முத்திரையைக் குத்தி விற்பவர்கள் உண்டு. முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் பழைய அழுக்கு இருக்கிறதா பாருங்கள்.

31. சட்டை, பெல்ட், பை எதிலாவது 13 இலக்க எண் இருந்து, ஐந்தாவது ஆறாவது இலக்கம் 99 ஆக இருந்தால் அது நேட்டோ கையிருப்பு எண். பிரிட்டனுடைய குறியீடு 99. நேட்டோ தொடங்கியதே 1949-ல். ‘உலகப் போரில் இருந்தது’ என்று எத்தனை சத்தியம் செய்தாலும் காசைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

32. துணிச் சின்னத்துக்கு மலிவான புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வையுங்கள். இருட்டில் அடித்தால் இந்தக் கால நூல் நீலமாக ஒளிரும், பழைய பருத்தியும் கம்பளியும் மங்கலாகவே இருக்கும். பழையதையும் இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தால் ஒளிரும் என்பதை நினைவில் வையுங்கள். எஸ்.ஏ.எஸ்., பாராசூட், கமாண்டோ சின்னங்களுக்கு இந்தச் சோதனை இல்லாமல் காசு கொடுக்கவே கூடாது.

33. படைகளின் பிறந்த நாளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்: ராயல் ஃபிளையிங் கோர் 1912, மெஷின் கன் கோர் 1915, ராயல் ஏர் ஃபோர்ஸ் 1918 ஏப்ரல் 1. 1916 என்று பொறித்த ராயல் ஏர் ஃபோர்ஸ் சிகரெட் பெட்டியை யாராவது நீட்டினால் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

34. பித்தளை என்றதும் புளி, எலுமிச்சை. வெள்ளி என்றதும் விபூதி என்று நம் கை தானாகப் போகும். இங்கே வேண்டாம்! பிராஸோவும் வேண்டாம். ஒரு தடவை தேய்த்தாலும் விளிம்பு எழுத்தும் பழமையின் நிறமும் போய்விடும், விலையும் கூடவே இறங்கும். மென்மையான உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும்.

35. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மரப் பல்குச்சியின் நுனியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைச் சுண்டுவிரல் நுனி அளவு தடவித் துடையுங்கள். அருங்காட்சியகங்களில் செய்வதும் இதைத்தான். ஒரு டப்பா வருஷக்கணக்கில் வரும்.

36. பிவிசி ஆல்பம், ரப்பர் பேண்ட், ஓக் மர இழுப்பறை: இந்த மூன்றிலும் பதக்கம் வைக்காதீர்கள். பிவிசி பிசுபிசுக்கும், ரப்பர் வெள்ளியைக் கறுக்கவைக்கும், ஓக்கின் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். அமிலமில்லாக் காகிதத்தில் சுற்றி, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடப் போட்டால் செலவே இல்லை.

37. கம்பளிச் சீருடை வாங்கினால் நேராக அலமாரியில் மாட்டாதீர்கள், அந்துப்பூச்சி மற்றத் துணிக்கும் பரவும். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பை முழுதும் குளிர் தணியும்வரை பிரிக்கக் கூடாது. பாச்சை உருண்டை வேண்டாம், பிளாஸ்டிக் பொத்தானைக் கெடுக்கும்.

38. போர்க்கால வாயு முகமூடியைக் குழந்தைகள் விளையாட்டுக்குக்கூட மாட்டிப் பார்க்க விடாதீர்கள். பலவற்றின் வடிகட்டிக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. பழைய கடிகாரம், திசைகாட்டியில் உள்ள ஒளிரும் வண்ணம் ரேடியம்; ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு போகாது, கண்ணாடியைத் திறக்கவே கூடாது.

39. தோட்டத்திலோ பரணிலோ கைக்குண்டோ ஷெல்லோ கிடைத்தால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், காரில் ஏற்றாதீர்கள். விலகி நின்று 999-க்குக் கூப்பிட்டால் போலீசார் ராணுவ நிபுணர்களை வரவழைப்பார்கள். வாங்குவதானால் வெடிமருந்து நீக்கியது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

40. ஊருக்குப் போகும்போது பயனெட், தோட்டா உறை போன்றவற்றைப் பெட்டியில் வைக்குமுன் விமான நிறுவனத்திடமும் சுங்கத்துறையிடமும் கேட்டுவிடுங்கள். காலி உறையானாலும் விமான நிலையத்தில் சிக்கல்தான்.

41. பெயர் தெரிந்ததும் பணம் கட்டித் தேடும் தளங்களுக்கு ஓடாதீர்கள். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைக் குறிப்பேட்டில் தேடுவதும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளமும், லண்டன் கெஜட்டும் இலவசம். கட்டணத் தளங்களைக்கூட உள்ளூர் நூலகம் பலவற்றில் காசில்லாமல் பார்க்கலாம். முதல் உலகப் போர்ச் சிப்பாயின் சேவைக் கோப்பு கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள்: 1940 செப்டம்பரில் குண்டுவீச்சில் சுமார் 60 சதவீதம் எரிந்துவிட்டது, ஆனால் பதக்கப் பதிவேடு தப்பியிருக்கிறது.

42. வாங்கிய அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எங்கே, யாரிடம், என்ன விலை, விற்றவர் சொன்ன கதை. பொருளில் எண் ஒட்டாமல், சின்ன அட்டையை நூலில் கட்டுங்கள். ஒரே ஆளுடைய பதக்கமும் கடிதமும் புகைப்படமும் சேர்ந்து வந்தால் பிரித்து விற்று லாபம் பார்க்காதீர்கள். பிரிந்தவை மறுபடி சேருவது மிக அரிது.

43. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பிரிட்டன் பெயர் அடிக்காவிட்டாலும், இந்திய ராணுவம் தன் வீரர்களின் பெயரை அடித்தே கொடுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ் பெயரோடு நம் ஊர்க்காரர் ஒருவரின் பதக்கம் இங்கிலாந்துச் சந்தை மேஜையிலும் கிடைக்கலாம், உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலும் இருக்கலாம். பெட்டியில் இருந்தால் இந்த வாரமே எடுத்து, விளிம்பில் இருக்கும் எண்ணையும் பெயரையும் எழுதி வையுங்கள். அவரைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.